பச்சைக் கோடும் புள்ளிக் கோலமும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தால் காலை எங்கே வைப்பதென்று தெரியாது. இடித்த வீடுகளிலிருந்து வந்த தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள், தொட்டால் தூசி பறக்கும் வால்வு ரேடியோக்கள். அந்தக் குவியலுக்குள் ஒரு சி.ஆர்.ஓ., அதாவது மின் அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற பழைய ஆஸிலோஸ்கோப், கிடக்கிறதென்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனான் ஒரு பையன். பொறியியல் மூன்றாம் ஆண்டு. சாயங்காலம் என் ரிப்பேர் கடைக்கு வந்து சால்டரிங் பழகுகிறவன்.

இரண்டு சேனல், 20 மெகாஹெர்ட்ஸ், நம் நாட்டுத் தயாரிப்பு. பக்கவாட்டில் ஏதோ ஒரு லேபின் ஸ்டாக் நம்பர் வெள்ளை பெயின்டில் எழுதியிருந்தது. கண்டம் பண்ணி ஏலத்தில் கழித்த சரக்கு. கடைக்காரர் 8,000 ரூபாய் சொன்னார். "அந்தக் காலத்துச் சாமான் தம்பி. இப்ப இதுமாதிரி யாரு செய்யிறா?"

பையன் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, இத எடுத்துரவா, இல்ல காசு சேத்து புது டி.எஸ்.ஓ. வாங்கிக்கவா?"

கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைக் கோடு ஓடும் பழைய அனலாக் ஆஸிலோஸ்கோப்பைத்தான் நம் கல்லூரிகளில் சி.ஆர்.ஓ. என்பார்கள். எல்.சி.டி. திரை வைத்த டிஜிட்டல் வகை டி.எஸ்.ஓ. இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். மல்டிமீட்டர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். ஸ்கோப்போ, வோல்டேஜ் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று படமாக வரைந்து காட்டும். 12 வோல்ட் என்று மீட்டர் காட்டுகிற சப்ளையில் 2 வோல்ட் அலை மேலே ஆடிக்கொண்டிருப்பது ஸ்கோப்பில்தான் கண்ணுக்குத் தெரியும்.

பையனின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பழசு என்றாலே ஒரு மயக்கம் உண்டு, எனக்கும் உண்டு. பர்மாத் தேக்குத் தூண் நூறு வருஷம் கழித்தும் அதே தூண்தான். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் அப்படியில்லை, அது உள்ளுக்குள்ளே காய்ந்துகொண்டே வரும். தூணுக்குப் பார்க்கிற பார்வையில் மெஷினைப் பார்த்து 8,000 ரூபாயை எண்ணி வைப்பதற்கு முன்னால் இரண்டு வகையும் எப்படி வரைகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

நம் வாசலிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. கோலம் இரண்டு வகை. புள்ளியே வைக்காமல் கையை எடுக்காமல் ஒரே இழையாக இழுத்துக்கொண்டு போவது ஒன்று. புள்ளி வைத்துவிட்டுப் பிறகு இணைப்பது இன்னொன்று. அனலாக் ஸ்கோப் இழைக் கோலம், டிஜிட்டல் புள்ளிக் கோலம். இந்த ஒப்பீட்டைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகலாம், அறுந்து போகாது.

1897-ல் ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த கேத்தோடு கதிர்க் குழாய்தான் சி.ஆர்.ஓ.வின் மூதாதை. குழாயின் பின்பக்கத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை கிளம்பி முன்பக்கத்துப் பாஸ்பர் பூச்சில் மோதுகிறது. மோதிய இடம் ஒளிர்கிறது. வழியில் இரண்டு ஜோடித் தகடுகள். ஒரு ஜோடி கற்றையை இடமிருந்து வலமாகச் சீரான வேகத்தில் இழுக்கும். இன்னொரு ஜோடி, நாம் ப்ரோபில் (ஸ்கோப்பிலிருந்து வயரோடு வருகிற ஊசிமுனையில்) தொடுகிற வோல்டேஜுக்கு ஏற்ப மேலும் கீழும் தள்ளும். இதில் கணக்குப் போடுகிறவர் யாருமில்லை, நினைவில் வைப்பவரும் இல்லை. சிக்னல்தான் நேரடியாக விரலைப் பிடித்து இழுக்கிறது.

இழைக் கோலம் போடுகிற ஆச்சியின் கையைக் கவனித்திருந்தால் ஒன்று தெரியும். கை நிதானிக்கிற இடத்தில் மாவு கூடுதலாக விழும், வேகமாக ஓடுகிற இடத்தில் கோடு மெலியும். சி.ஆர்.ஓ. திரையிலும் அதே கதைதான். கற்றை அதிக நேரம் தங்குகிற இடம் பளிச்சென்றும், பாய்ந்து கடக்கிற இடம் மங்கலாகவும் தெரியும். சதுர அலையின் மேல், கீழ்க் கோடுகள் பிரகாசமாக இருக்கும். ஏறுகிற, இறங்குகிற விளிம்பு கண்ணுக்கே தெரியாதபடி மெலிந்திருக்கும். பழகிய கண்ணுக்கு இந்த மங்கலும் பிரகாசமும் ஒரு தகவல். நூறு தடவையில் ஒரு தடவை மட்டும் அலை பிசகினால் அந்தப் பிசகு பேய்போல மங்கலாகத் தெரியும். பழைய ஆட்கள் சி.ஆர்.ஓ.வை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததில் பாதி நியாயம் இதுதான்.

கோடு ஓடாமல் திரையில் நிலையாக நிற்க வேண்டுமென்றால் கற்றை ஒவ்வொரு முறையும் அலையின் அதே இடத்தில் கிளம்ப வேண்டும். முகப்பு ஊஞ்சலை ஆட்டுகிறவர், அது திரும்பி வந்து கைக்கு எட்டுகிற அதே இடத்தில்தான் தள்ளுவார். கண்ட இடத்தில் தள்ளினால் ஊஞ்சல் தடுமாறும். ஸ்கோப்பில் அந்த வேலைக்குப் பெயர் டிரிகர். அமெரிக்காவில் ஹோவர்ட் வோலமும் ஜாக் மர்டாக்கும் 1946-ல் டெக்ட்ரானிக்ஸைத் தொடங்கி, அடுத்த ஆண்டே 511 என்ற மாடலை வெளியிட்டார்கள். டிரிகர் வைத்த அந்த ஸ்கோப்புக்குப் பிறகு ஆஸிலோஸ்கோப் என்பது தோராயமாகப் பார்க்கிற சாமானிலிருந்து அளக்கிற கருவியானது. அதே கம்பெனியின் 465, 1972-ல் வந்தது; 100 மெகாஹெர்ட்ஸ். எடை 10 கிலோவுக்குக் குறையாது. உலகம் முழுக்க ரிப்பேர் பெஞ்சுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் கல்லூரி லேப்களில் அப்லாப், சயன்டிஃபிக் பெயர் போட்ட 20, 30 மெகாஹெர்ட்ஸ் பெட்டிகள்தான் அதிகம்.

இனி புள்ளிக் கோலம். டி.எஸ்.ஓ.வின் வாசலில் ஒரு ஏ.டி.சி. உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வருகிற வோல்டேஜை நொடிக்கு இத்தனை தடவை என்று அளந்து எண்ணாக எழுதுகிறது. கடைப் பெஞ்சுக்கு வாங்குகிற புது ஸ்கோப்கள் நொடிக்கு 100 கோடி தடவை அளக்கும். எண்கள் நினைவகத்துக்குப் போகும், பிறகு திரையில் புள்ளிகளாக வைத்து இணைக்கப்படும். புள்ளி நெருக்கமாக இருந்தால் கோலம் அச்சு அசலாக வரும். புள்ளி போதவில்லையென்றால்? கோலம் அப்போதும் வரும், அழகாகவே வரும். ஆனால் அது வேறு கோலம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். டிஜிட்டல் ஸ்கோப்பின் பெரிய பொய் இதுதான். பெஞ்சில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. அதன் சுருள் நொடிக்கு 25,050 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் பழைய டி.எஸ்.ஓ. ஒன்று, டெக்ட்ரானிக்ஸின் டிடிஎஸ் 1000, 2000 வரிசை மாதிரி 2,500 புள்ளி மட்டும் நினைவில் வைக்கக்கூடியது. வீட்டு மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸ் அலையோடு சேர்த்துப் பார்க்கலாமென்று ஒரு கட்டத்துக்கு 10 மில்லிவினாடி வைக்கிறோம். திரையில் 10 கட்டம், மொத்தம் 100 மில்லிவினாடி. 2,500 புள்ளியை 100 மில்லிவினாடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு 25,000 புள்ளி. அதாவது அடுப்பு ஒரு சுற்று சுற்றி முடிக்கும்போதெல்லாம் ஸ்கோப் ஒரே ஒரு புள்ளி வைக்கிறது, ஒவ்வொரு தடவையும் துளி துளியாகத் தள்ளி. அந்தப் புள்ளிகளை இணைத்தால் திரையில் நிற்பது 50 ஹெர்ட்ஸ் சைன் அலை!

50 ஹெர்ட்ஸ் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? "மெயின்ஸ் ஹம் உள்ளே வருது, ஃபில்டர் கெபாசிட்டர் போச்சு" என்று நல்ல கெபாசிட்டரைக் கழற்றிப் போடுவோம். இதற்கு ஏலியாசிங் என்று பெயர். சி.ஆர்.ஓ. இந்தப் பொய்யைச் சொல்லவே சொல்லாது. அதே இடத்தில் அது பச்சையாக ஒரு பட்டையைக் காட்டும். 'ஏதோ வேகமாக ஆடுகிறது, எனக்குப் பிரித்துக் காட்ட முடியவில்லை' என்று ஒப்புக்கொள்வது மாதிரி.

இதை வைத்து டிஜிட்டலே மோசம் என்று முடிவுகட்டினால் தப்பு. 2,500 புள்ளிக்குப் பதில் ஒரு கோடி புள்ளி நினைவகம் இருந்தால் அதே 100 மில்லிவினாடியில் நொடிக்கு 10 கோடி புள்ளி வைக்கலாம். அடுப்பின் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 4,000 புள்ளி. பொய்க்கு இடமே இல்லை. ரிகால் டிஎஸ்1054இசட் 1.2 கோடி புள்ளியோடு வந்தது, சிக்லென்ட் எஸ்டிஎஸ்1104எக்ஸ்-ஈ 1.4 கோடி. ஆகையால் டி.எஸ்.ஓ. வாங்குகிறவர் பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கிற மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்க்கக்கூடாது. நினைவகம் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். எல்லாச் சேனலையும் போட்டால் சாம்பிள் வேகம் எத்தனையாகக் குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ரிகால் ஒரு சேனலில் நொடிக்கு 100 கோடி, நாலு சேனலும் போட்டால் ஆளுக்கு 25 கோடி.

இதிலிருந்து என் முதல் கறாரான கருத்து: அனலாக்கா டிஜிட்டலா என்ற சண்டைக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பழைய டிஜிட்டல். அதை வாங்காதீர்கள். சி.ஆர்.ஓ.வின் நேர்மையும் அதில் கிடையாது, இன்றைய டி.எஸ்.ஓ.வின் நினைவகமும் கிடையாது. ஆன்லைனில் செகண்ட்ஹாண்டாகப் பெரிய பெயரோடு மலிவாக வருவது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

பழைய டிஜிட்டலுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு படம் எடுத்து, அதைத் திரையில் வரைந்து முடிக்கிற வரைக்கும் வாசலில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. நொடிக்கு 100 படம் எடுக்கிற ஸ்கோப்பில், ஒரு படம் 10 மைக்ரோவினாடி நீளமென்றால் ஒரு நொடியில் அது கண் திறந்திருந்தது மொத்தம் 1 மில்லிவினாடி. மீதி 999 மில்லிவினாடி தூக்கம். எப்போதாவது வந்துபோகிற கோளாறு அந்தத் தூக்கத்தில் நழுவிவிடும். சி.ஆர்.ஓ. கற்றை வலது ஓரம் போய் இடது ஓரம் திரும்புகிற நேரம் மட்டும்தான் கண்ணை மூடும். இன்றைய டி.எஸ்.ஓ.க்கள் நொடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கின்றன. அதோடு, அடிக்கடி வந்த புள்ளியைப் பிரகாசமாகவும் அபூர்வமாக வந்ததை மங்கலாகவும் காட்டி, மாவு கூடி விழுகிற அந்த அழகையும் ஓரளவு திருப்பிக் கொடுத்துவிட்டன.

சரி, சி.ஆர்.ஓ.வால் முடியவே முடியாதது என்ன?

ஒரு பில்லிங் கடை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது கம்ப்யூட்டர் சில சமயம் ரீஸ்டார்ட் ஆகிறது, சில சமயம் ஆவதில்லை. கடைக்கார அண்ணாச்சி இன்வெர்ட்டர் விற்றவரைத் திட்டுகிறார், விற்றவர் கம்ப்யூட்டரைக் கைகாட்டுகிறார். நான் ஒரு சின்ன 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை அந்த பிளக்கில் சொருகி, அதன் செகண்டரியில் டி.எஸ்.ஓ. ப்ரோபை மாட்டினேன். மெயின்ஸில் நேராக ப்ரோப் வைக்கிற வேலையே வேண்டாம். டிரிகரை 'சிங்கிள்' என்று வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். திரையில் அலை அறுந்து, இடைவெளி விட்டு, மறுபடி தொடங்கிய இடம் அப்படியே உறைந்து நின்றது. கர்சரை வைத்து அளந்தால் 34 மில்லிவினாடி. அடுத்த தடவை 15. அதற்கடுத்தது 31.

கம்ப்யூட்டர் சப்ளைக்குள் இருக்கிற கெபாசிட்டர் கரண்ட் இல்லாமல் சுமார் 16 மில்லிவினாடி தாக்குப்பிடிக்கும்படிதான் செய்யப்படுகிறது. 15-ல் எடுத்தால் பிழைத்துக்கொள்ளும், 31-ல் படுத்துவிடும். இன்வெர்ட்டரின் முகப்பில் ஒரு சுவிட்சை யு.பி.எஸ். பக்கம் தள்ளிவிட்டதும் இடைவெளி 10-க்குக் கீழே வந்தது. அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். விற்றவரைத் திட்டியதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

இதே வேலையை சி.ஆர்.ஓ.வில் செய்திருந்தால்? கரண்ட் போகிற அந்த ஒரு கணத்தில் பச்சைக் கோடு ஒரு தடவை மின்னி மறைந்திருக்கும், அவ்வளவுதான். அதன் திரைக்கு நினைவு கிடையாது. அதே அலை திரும்பத் திரும்ப வந்தால்தான் கோடு நிற்கும். அந்தக் காலத்தில் திரைக்கு முன்னால் கேமராவை மாட்டி ஃபோட்டோ எடுத்தார்கள். இன்னொன்றும் உண்டு. கோளாறு நடந்தால்தான் டிரிகர் ஆகும். டிரிகர் ஆன பிறகு நடந்ததைத்தான் சி.ஆர்.ஓ. காட்டும். நல்ல மாடல்களில் சிக்னலைத் துளி தாமதப்படுத்துகிற ஒரு டிலே லைனை உள்ளே வைத்து, டிரிகர் விளிம்பை மட்டும் எட்டிப்பார்க்க விடுவார்கள். டி.எஸ்.ஓ. ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதால் டிரிகருக்கு முன்னால் நடந்ததும் அதன் கணக்கில் இருக்கும். எல்.இ.டி. டி.வி. ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகிறதென்றால், அது படுப்பதற்கு முன்னால் எந்த லைன் முதலில் சரிந்தது, 12 வோல்ட்டா 5 வோல்ட்டா என்று இரண்டு சேனலில் பின்னோக்கிப் பார்க்கலாம். இன்றைய ரிப்பேரில் பாதி இந்த மாதிரி 'யார் முதலில் விழுந்தது' கேஸ்கள்தான்.

போர்டில் இரண்டு சிப்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஐ2சி, யுஏஆர்டி சிக்னலை எழுத்தாகவே படித்துக் காட்டுவது, எந்தெந்த அதிர்வெண்ணில் இரைச்சல் வருகிறது என்று பிரித்துக் காட்டுவது, படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது எல்லாம் டி.எஸ்.ஓ.வின் உபரி வரவுகள். இதில் சி.ஆர்.ஓ. போட்டிக்கே வராது.

அப்படியென்றால் பழைய பெட்டிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் நினைப்பதைவிடக் கம்மி. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டிலிருந்து வால்வு ரேடியோ ஒன்று வந்தது. வீட்டு ஆச்சிக்கு அதில் திருச்சி ஸ்டேஷன் மறுபடி கேட்க வேண்டும், 936 கிலோஹெர்ட்ஸ். பிடித்த ஸ்டேஷனை ரேடியோ உள்ளே மாற்றி வைத்துக்கொள்கிற இடைநிலை அலை, ஐ.எஃப்., 455 கிலோஹெர்ட்ஸ்தான். 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.வுக்கு அதெல்லாம் கால் தூசி. குரலுக்கேற்ப விரிந்து சுருங்குகிற அந்தப் பச்சை உருவத்தைப் பார்த்துக்கொண்டே ஐ.எஃப். கேனின் திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பும்போது, கைக்கும் கண்ணுக்கும் நடுவே எந்தத் தாமதமும் இருக்காது. ஒரு சிக்னலைக் குறுக்கேயும் இன்னொன்றை மேலும் கீழுமாகவும் கொடுக்கிற எக்ஸ்-ஒய் முறையில் வருகிற லிஸாஜூ வளையங்களைப் பார்ப்பதற்கும் சி.ஆர்.ஓ. ஒரு படி மேல். நம் நாட்டுப் பெட்டிகள் சிலவற்றில் 'காம்பொனென்ட் டெஸ்டர்' என்று இரண்டு துளை இருக்கும். டயோடை அதில் வைத்தால் முழங்கை மாதிரி மடங்கிய கோடு, ரெசிஸ்டருக்குச் சாய்ந்த கோடு, கெபாசிட்டருக்கு முட்டை. பழுதான போர்டையும் நல்ல போர்டையும் கரண்ட் கொடுக்காமலே காலுக்குக் கால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ரேடியோவைப் புது டி.எஸ்.ஓ.விலும் சரிசெய்திருக்க முடியும். கொஞ்சம் ரசனை குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: வால்வு பிளேட்டில் 250 வோல்ட் டி.சி. நிற்கும். எந்த ஸ்கோப்பானாலும் ப்ரோபின் சுவிட்ச், வோல்டேஜைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிற 10 எக்ஸ் பக்கம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

அனலாக் ரசிகர்கள் அடிக்கடி சொல்கிற ஒன்று, "அதுல படிக்கட்டே கிடையாது அண்ணே, வழவழன்னு இருக்கும்." உண்மைதான். 8 பிட் டி.எஸ்.ஓ. திரையின் உயரத்தை 256 படியாக வெட்டுகிறது. முழுத்திரை 8 வோல்ட் என்றால் ஒரு படி 31 மில்லிவோல்ட். அதைவிடச் சின்ன அசைவு படிக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் சி.ஆர்.ஓ.வில் கோட்டின் தடிமனே அதற்குச் சமமாக இருக்குமே? கட்டத்தை எண்ணிக் கண்ணால் படிக்கிறபோது 3 சதவீதப் பிழைக்குள் வந்தாலே பெரிது. இப்போது ரிகால் டிஎச்ஓ800 மாதிரி 12 பிட் ஸ்கோப்களும் கைக்கெட்டும் விலையில் வந்துவிட்டன. அங்கே 4,096 படி, அதே 8 வோல்ட்டில் ஒரு படி 2 மில்லிவோல்ட். வழவழப்பு வாதம் அதோடு முடிந்தது.

மெகாஹெர்ட்ஸ் கணக்குக்கு ஒரு சுருக்கு வழி: 0.35-ஐ பேண்ட்விட்தால் (பெட்டியில் எழுதியிருக்கிற அந்த மெகாஹெர்ட்ஸால்) வகுத்தால், அந்த ஸ்கோப் காட்டக்கூடிய மிக வேகமான ஏற்றத்தின் நேரம் கிடைக்கும். 20 மெகாஹெர்ட்ஸுக்கு 17.5 நானோவினாடி, 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5. இன்னொன்று, 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையைப் பார்த்தால் அதன் உயரம் 70 சதவீதம்தான் தெரியும். சப்ளை, இன்வெர்ட்டர், அடுப்பு, ஆடியோ என்று போகிறவருக்கு 20-ம் போதும். மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் போகிறவருக்கு 50-லிருந்து 100 வரை வேண்டும். இந்த விஷயத்தில் பழசு புதுசு பேதமில்லை.

பழைய பெட்டியின் உண்மையான செலவு வாங்கிய பிறகுதான் தொடங்கும். காய்ந்த எலக்ட்ரோலைட்டிக்கை மாற்றிவிடலாம், பத்து ரூபாய்ச் சாமான். டெக்ட்ரானிக்ஸ் 465-ல் டான்டலம் கெபாசிட்டர்கள் ஷார்ட் ஆகி சப்ளையைப் படுக்க வைப்பது பிரசித்தம், அதுவும் மாற்றக்கூடியதே. வோல்ட்/டிவிஷன் சுவிட்சுகளின் காண்டாக்ட் கறுத்துப் போயிருக்கும், பொறுமையாகத் துடைத்தால் வரும். வராதவை சில உண்டு. ஒரே இடத்தில் கோடு நின்று பாஸ்பர் எரிந்துபோன குழாய். ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர். கம்பெனி தனக்கென்றே செய்துகொண்ட சிப்கள். டெக்ட்ரானிக்ஸ் 2465-ல் யு800 என்ற சிப் சூட்டில் போய்விடும். கடையில் கேட்டால் யாரிடமும் இருக்காது. 2465பி-யின் பிற்காலப் பெட்டிகளில் கேலிப்ரேஷன் எண்களெல்லாம் உள்ளேயே பேட்டரி வைத்த மெமரி சிப்பில் குந்தியிருக்கும். பேட்டரி செத்தால் எண்களும் போய்விடும். அனலாக் என்று நினைத்து வாங்கிய சாமானுக்குள் ஒரு டிஜிட்டல் மாரடைப்பு. உதிரிக்கென்று இன்னொரு செத்த பெட்டி வாங்குவார்கள், அப்புறம் அதற்கு உதிரியாக இன்னொன்று. மேசை போய்த் திண்ணையும் நிறைந்துவிடும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் நான் அந்தப் பெட்டியைப் பார்த்தது இப்படித்தான். நேராக பிளக்கில் சொருகவில்லை. கையில் கொண்டுபோயிருந்த 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பல்பு ஒரு தடவை மினுக்கி, மங்கலாகி நின்றது. நல்ல சகுனம். பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். அரை நிமிஷத்தில் பச்சைக் கோடு வந்தது. ஃபோகஸைத் திருப்பினால் கோடு ஒல்லியாகவில்லை, கம்பளிப் புழு மாதிரியே இருந்தது. ப்ரோபை முகப்பில் இருக்கிற கேலிப்ரேட்டர் முனையில் மாட்டினேன். 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வர வேண்டும். முதல் சேனலில் வந்தது, மூலை மட்டும் மழுங்கி. அது ப்ரோப் டிரிம்மர் கோளாறு, திருகினால் சரியாகும். இரண்டாவது சேனலில் ஒன்றுமே வரவில்லை. நாபை அழுத்தி ஆட்டியபோது கோடு ஒரு தடவை துள்ளிக் குதித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. கவரைத் திறக்க பையன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான், கையைத் தட்டிவிட்டேன். சின்ன சி.ஆர்.ஓ.விலும் குழாய்க்குப் போகிற வோல்டேஜ் 2,000-க்குக் குறையாது. ஆஃப் பண்ணின பிறகும் கெபாசிட்டரில் மிச்சம் இருக்கும். கடையில் நின்றுகொண்டு திறக்கிற சமாசாரம் இல்லை.

எர்த் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. ப்ரோபில் தொங்குகிற முதலைக் கிளிப் ஸ்கோப்பின் உடம்போடு சேர்ந்தது, உடம்பு மூன்றாவது பின் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்தது. அந்தக் கிளிப்பை எஸ்.எம்.பி.எஸ். போர்டில் (இன்றைய சாமான்களின் பவர் சப்ளையில்) மெயின்ஸோடு நேராகச் சேர்ந்த பிரைமரி பக்கம் மாட்டினால் நேராக ஷார்ட். அங்கே 320 வோல்ட் டி.சி. காத்திருக்கிறது. இதற்குப் பயந்து ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. பழைய வீடுகளில் இரண்டு துளை பிளக்பாயின்ட்தான் இருக்கிறதென்று எர்த்தே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்போது நாம் கை வைக்கிற மெட்டல் உடம்புதான் 320 வோல்ட்டில் மிதக்கும். ஒன்றும் மாட்டாவிட்டாலும்கூட, எஸ்.எம்.பி.எஸ். சப்ளை வைத்த டி.எஸ்.ஓ. எர்த் இல்லாமல் ஓடினால் அதன் ஃபில்டர் கெபாசிட்டர்கள் உடம்பை மெயின்ஸில் பாதி வோல்டேஜுக்குத் தூக்கி வைக்கும், தொட்டால் சுருக்கென்று இழுக்கும். எர்த்தை வெட்டாதீர்கள். ரிப்பேருக்கு வந்த சாமானை, மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள், அல்லது எர்த்தோடு சேராமல் இரண்டு முனைகளுக்கு நடுவே அளக்கிற டிஃபரென்ஷியல் ப்ரோப் வாங்குங்கள். முதல் ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போக வேண்டும்.

பையனிடம் நான் சொன்னது இதுதான். உனக்கு இருக்கப்போவது ஒரே ஒரு ஸ்கோப் என்றால், அது புது டி.எஸ்.ஓ.வாக இருக்கட்டும். இரண்டு சேனல், 50-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் லட்சத்தில் இல்லாமல் கோடியில். 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில் தொடங்கும், ஒரு வருஷம் பொறுத்துக்கொள். சி.ஆர்.ஓ. இரண்டாவது ஸ்கோப்பாக வரலாம். அதுவும் இரும்பு விலைக்கு, இரண்டு சேனலும் உயிரோடு, கோடு ஒல்லியாக இருந்தால். கையடக்கமாகப் பொம்மை மாதிரி வருகிறதே, அதை என்ன சொல்வது? டிஎஸ்ஓ138 கிட்டின் பேண்ட்விட்த் 200 கிலோஹெர்ட்ஸ்தான். சால்டரிங் பழக நல்ல சாமான். அடுப்பு ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போகாதே.

"அப்ப 8,000-க்கு வேணாங்கிறீங்க."

"800-ன்னா யோசிக்கலாம்."

கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. சிரித்தாரே தவிர இறங்கி வரவில்லை. இந்தத் தெருவில் சாமானுக்கு விலை வைப்பது அது வேலை செய்கிறதா என்பதைப் பொறுத்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள், கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் ஷூட்டிங், ஆராய்ச்சிக்கூட சீனாம். அந்தப் பெட்டியை நாள் வாடகைக்குக் கேட்கிறார்கள். "சுவிட்ச் போட்டா பச்சைக் கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடணுமாம். வந்து கொஞ்சம் பாத்துக் கொடுங்கண்ணே." போனேன். சாதா 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றிலிருந்து வயரை முதல் சேனலுக்குக் கொடுத்து, டிரிகரை வேண்டுமென்றே கலைத்துவிட்டேன். அலை மெதுவாக ஓடத் தொடங்கியது. இரண்டாவது சேனல் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. ஃபோகஸும் சரியாகவில்லை. கேமராவுக்கு அந்தத் தடித்த கோடுதான் பிடித்திருக்கிறதாம்.